சக்கரம் நின்ற இடம்

தாளம் தப்புகிறவர்களை றோசமேரிக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பல்கலைக்கழகத்தில் இருபத்தெட்டு வருடமாக வயலின் படிப்பிக்கிறவர். பஸ்ஸில் பக்கத்து ஆள் பாட்டுக்குத் தொடையில் பிழையாகத் தட்டினால் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவரிடம்தான் முபாரிஸின் இறுதியாண்டு ஆக்கம் வந்து மாட்டிக்கொண்டது.

எட்டு நிமிட உருப்படி. ஒரு வயலின், இரண்டு மிருதங்கம். முதலாவது முபாரிஸ், இரண்டாவது அவனுடைய வகுப்புத் தோழன் ஃபைஸல். மிருதங்கங்கள் ஒன்றாகத் தொடங்கும். பிறகு ஒன்று மற்றதை விட ஒரு துளி வேகமாகப் போகும். இரண்டும் மெல்ல மெல்ல விலகி, ஒன்றின் அடி மற்றதின் அடிக்கு நடுவில் போய் விழும். எங்கேயெல்லாமோ சுற்றிவிட்டுத் திரும்பவும் ஒன்றாக வந்து சேரும். இது போதாதென்று ஐந்தாம் நிமிடத்தில் இரண்டாவது மிருதங்கம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றே போகும்.

ஒத்திகையில் றோசமேரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இது என்ன தம்பி, ரெண்டு பேரும் கோபமா?"

"இல்ல மேடம். அது அப்படித்தான்."

"நடுவில ஃபைஸல் நிக்கிறானே, அது?"

"அதுவும் அப்படித்தான் மேடம்."

"ரெண்டையும் ஒரு தாளத்துக்குக் கொண்டு வாங்க. அந்த நிக்கிற இடத்தை எடுத்துப்போடுங்க. இல்லாட்டி என்னால பாஸ் போட ஏலாது. பிறகு அடுத்த வருஷம்தான்."

முபாரிஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தக் குனிந்த தலைதான் றோசமேரியின் எரிச்சலை இன்னும் கூட்டியது. வாய் திறந்து சண்டை பிடிக்கிற பிள்ளையைச் சமாளிக்கலாம், இந்த மாதிரிப் பிள்ளையை என்ன செய்வது?

துறையில் ஒரு வழக்கம் இருந்தது. இறுதியாண்டு ஆக்கத்தை மாணவன் தன் ஊரிலேயே, தன் சனத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும். புள்ளியும் அங்கேயேதான். ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம் துறையின் வான் முபாரிஸின் ஊரான முந்தலுக்குப் புறப்பட்டது. வயலின் வாசிக்க இருந்த பிள்ளைக்கு முதல் நாள் காய்ச்சல். புள்ளி போட இன்னொரு விரிவுரையாளரும் வந்ததால், வயலினை றோசமேரியே எடுத்துக்கொண்டார். தான் பெயில் போடப்போகும் உருப்படியைத் தானே வாசிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சிலாபம் தாண்டி, தென்னந்தோப்புகள் தாண்டி, இறால் பண்ணைகள் வந்தன. சதுரம் சதுரமாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரங்கள் மோட்டாரில் சுழன்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன.

"தண்ணிக்குக் காத்துக் குடுக்கிறது மேடம்," என்றான் ஃபைஸல். "ஒண்டு நிண்டாலும் இறாலுக்கு மூச்சுத் திணறும். கொஞ்சம் கவனிக்காம விட்டா முழுத் தொட்டியும் செத்து மிதக்கும். முபாரிஸ்ட வாப்பா இங்கதான் வேலை."

றோசமேரி கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அவருடைய கவலை எல்லாம் முபாரிஸ் அந்த இடத்தைத் திருத்தியிருக்கிறானா இல்லையா என்பது. கேட்டால் அவன் தலையைக் குனிவான். எனவே கேட்கவில்லை.

மண்டபம் பண்ணைக்குப் பின்னால் இருந்தது. மின்விசிறிகள் இரைந்ததில் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் பண்ணை ஆட்கள், அவர்களின் வீட்டுப் பெண்கள். முன்வரிசையில் முபாரிஸின் வாப்பா செய்னுலாப்தீன், வெள்ளைச் சட்டை போட்டு, பரீட்சை எழுதுகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒருவர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கொட்டாவி விட்டார். பாவங்கள் என்று றோசமேரிக்கே இரக்கம் வந்தது.

மேடையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து வயலினை எடுத்தார். மிருதங்கங்கள் தொடங்கின. விலகின. முதல் திருத்தம் செய்யவில்லை என்று றோசமேரி பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரு நிமிடம் போயிருக்கும். போனில் கதைத்தவர் போனை மடியில் வைத்தார். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்தார். இரண்டு அடியும் விலகி விலகி, சுற்றி வந்து, ஒன்றாய் விழுந்த அந்தக் கணத்தில், மண்டபத்தில் அத்தனை ஆண்களின் தலையும் ஒன்றாகத் தாழ்ந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த முறை அடிகள் சேருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர்களின் மூச்சு நிற்பதை றோசமேரி கண்டார். எப்போது சேரும் என்று அவருக்குத் தெரியாது. வாசிக்கிற அவருக்கே தெரியாதது கேட்கிற அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நிமிடம் வந்தது. ஃபைஸல் முபாரிஸைப் பார்த்தான். முபாரிஸ் ஒருவரையும் பார்க்கவில்லை.

ஃபைஸலின் மிருதங்கம் நின்றது.

கதிரைகள் தரையில் உராய்ந்தன. ஒன்று மல்லாக்க விழுந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் எழும்பி வாசலுக்கு ஓடினார்கள். செய்னுலாப்தீன்தான் முதல் ஆள், செருப்பில்லாமல். பெண்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே, தொட்டிக் கரையில், ஓடியவர்கள் திகைத்து நிற்பது சனத்தின் தலைகளுக்கு மேலாக றோசமேரிக்குத் தெரிந்தது. சக்கரங்கள் எல்லாம் சுழன்றுகொண்டுதான் இருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. நின்றது மேடையில்.

முபாரிஸ் மட்டும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். ஒற்றை மிருதங்கம், தனியே, தாங்க முடியாத தனிமையில். ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆனால் யாரும் உட்காரவில்லை. சுவரோரமாக நின்று, ஃபைஸலின் சும்மா கிடந்த கைகளையே பார்த்தார்கள். ஒருவர் உதடு அசைய ஓதினார்.

பிறகு ஃபைஸலின் விரல் ஒரு தட்டுத் தட்டியது. ஒன்று. இன்னொன்று. தட்டுத் தடுமாறி, வேகம் எடுத்து, விலகி, சுற்றி, கடைசியில் இரண்டும் ஒன்றாய் விழுந்தபோது மண்டபம் முழுவதும் மூச்சு விட்டது. அந்தச் சத்தத்தை றோசமேரி தன் வாழ்நாளில் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. யாரோ அழுதார்கள். கைதட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது அது வெகுநேரம் ஓயவில்லை.

றோசமேரி புள்ளித்தாளை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார். நாற்பது வருடம் தாளம் போட்டவர், தாளம் இதற்கும் உதவும் என்று தெரியாமலே இருந்துவிட்டாரே என்று வெட்கமாக இருந்தது. அதை விட அச்சமாக இருந்தது, கோயிலில் பீடத்தின் முன்னால் போய் நிற்கிற அச்சம்.

பக்கத்தில் யாரோ செருமினார்கள். செய்னுலாப்தீன். கால் முழுக்கச் சேறு.

"மேடம், குறை நினைக்காதீங்க," என்றார். "நாங்க படிக்காத ஆக்கள். சத்தம் நிண்டதும் புத்தி வேலை செய்யல்ல, எழும்பி ஓடிட்டம். எங்கட பிழை அது. இதுக்காக எங்கட மகன்ட மார்க்ஸக் குறைச்சிடாதீங்க. அவன் கஷ்டப்பட்டுப் படிச்சவன்."

றோசமேரி புள்ளித்தாளை மடித்து வைத்தார்.

"ஐயா, நான் இத்தனை வருஷம் வாசிக்கிறன். என்ட வாசிப்புக்கு எழும்பின ஆக்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகத்தான் எழும்பினவங்க. உங்கட மகனுக்கு நான் மார்க்ஸ் குறைக்கிறதா? எங்கட துறையில இவ்வளவு மார்க்ஸ் இதுவரை ஒருத்தருக்கும் போட்டதே இல்ல."

அவர் நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டினார். போகத் திரும்பியவர் நின்று, கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, கேட்டார்.

"அப்ப மேடம், நீங்களும் வயலினைக் கீழ வெச்சிட்டு எழும்பி நிண்டீங்களே. அதுவும் பாட்டுல உள்ளதா?"

றோசமேரி மேடையைப் பார்த்தார். வயலின் விரிப்பில் கிடந்தது, வில் ஒரு பக்கம். அந்த இடத்துக்குப் பிறகு அவர் வாசிக்க வேண்டிய பதினாறு வரிகள் இருந்தன. ஒன்றைக்கூட அவர் வாசித்திருக்கவில்லை.