முழங்காலிட்ட பிள்ளைகள்

எங்கள் டெக்சாஸ் ஊரில் பள்ளி வாரியத் தேர்தலுக்கு நிற்கிற எவரும் ஃபுட்பால் மைதானத்தின் மேல் கை வைக்கமாட்டார்கள். லோர்னா பிரூவிட் வைத்தாள். மைதானத்துக்குப் புதுப் புல்தரை வேண்டாம், அந்தப் பணத்தில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் போடலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

"உன் பையனே டீம்லதான இருக்கான், லோர்னா?" என்று என் வாசலில் கேட்டேன்.

"அவனுக்கும்தான் வாசிக்க வரல," என்றாள்.

எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையால் எறிந்து ஆடுவார்கள்; அவள் மகன் டேரில்தான் அணியில் பந்தை எறிபவன். எதிரணி அவன்மேல் பாயாமல் மறித்து நிற்பது என் மகன் ரஸ்ஸல் போன்ற தடியன்களின் வேலை. அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவர்கள் எல்லோரும் ஒன்றாக விலகி நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசுவது பிள்ளைகள் காதில் விழத்தானே செய்யும்.

டேரிலின் கால் எலும்பு முறிந்த சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. லோர்னா மைதானத்துக்குள் ஓடினாள்.

அடிபட்டவன் கிடக்கும்போது மற்ற பிள்ளைகள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி இருப்பது வழக்கம். விலகியவர்கள்தான் முதலில் முழங்காலிட்டார்கள். அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகையில் நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

பக்கத்திலிருந்த டுவெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லிக் குடுக்கலன்னு சொன்னாளே அவ. பாரு, நம்ம பசங்களுக்கு என்ன ஒழுக்கம்."