ஏழாவது வரி

சந்தாபுரா தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நசுங்கி, அதை ஓட்டிய மதியழகன் செத்த மறுநாள், அந்த மெஷினின் கையேட்டை எழுதிய என்னை வரச்சொன்னார்கள்.

“பயப்படாதீங்க மேடம். ‘அதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைக்கவும்’னு ஏழாவது வரியில க்ளியரா போட்டிருக்கீங்க. தப்பு அவன் மேலதான்,” என்றார் மேனேஜர் சுனில்.

ஆறாவது வரி, “மூடியைத் திறந்து, சிக்கிய தகட்டைக் கையால் எடுக்கவும்.”

எச்சரிக்கையை முதலில் வை என்று பத்து வருடமாகப் புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். இதை எழுதிய அன்று புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

மெஷினில் ஒட்டியிருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, படித்ததை உடனே செய்திருக்கிறான். ஆறு வரிகளிலும் கிரீஸ் கறை. ஏழாவது சுத்தமாக இருந்தது.