மிச்ச நன்றி

ஐம்பத்தெட்டாம் வருஷம், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி மருதப்பன் சீட்டைப் பிரித்தபோது அவர் முகம் போன போக்கைச் சிங்கப்பூர்த் தேக்காவில் வெகுநாள் நடித்துக் காட்டினார்கள். பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். கோயில் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கிறவர். சீட்டில் இருந்ததோ 'கடவுள் உண்டு.' பட்டிமன்றத்தில் யாருக்கு எந்த அணி என்று சீட்டுக் குலுக்கிப் போடலாம் என யோசனை சொன்னதும் அவரேதான். சொந்தச் செலவில் சூனியம்.

சிரிக்கப் போனவர்கள் கைதட்டிவிட்டு வந்தார்கள். மேடையில் மருதப்பன், தன் மகளுக்கு டைபாய்டு வந்து, விடியற்காலையில் காய்ச்சல் இறங்கிய கதையைச் சொன்னார். "டாக்டருக்கு நன்றி சொன்னேன். நர்சுக்குச் சொன்னேன். அப்பவும் நெஞ்சில மிச்சம் கிடந்துச்சு. அந்த மிச்சம் யாருக்கு?"

வெற்றி அவர் அணிக்கு. வினையும் அவருக்கே.

மனைவி சிவகாமசுந்தரி மறுநாளே அர்ச்சனைத் தட்டு வாங்கி வைத்துவிட்டாள். மன்றத்துக்காரர்களோ, அடுத்த ஞாயிறு அதே மேடையில் அந்தக் கேள்வியை உடைக்காவிட்டால் செயலாளர் பதவி இன்னொரு உறுப்பினர் மாணிக்கத்துக்கு என்றார்கள். மருதப்பன் நாயாய் அலைந்து கட்டிய மன்றம் அது. எத்தனை பேர் வாதத்தை உடைத்த வாய்! ஆனால் பஸ்ஸில், குளியலறையில், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கேள்வியே வழியை மறித்துக்கொண்டு நின்றது. அந்த மிச்சம் வெறும் பயம் என்று சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் இறங்கிய பிறகு பயம் ஏது? பழக்கம் என்று பார்த்தார். அவருக்கு ஏது அந்தப் பழக்கம்?

ஞாயிறன்று முதல் வரிசையில் மன்றம், கடைசியில் சிவகாமசுந்தரி, நடுவில் வேடிக்கை பார்க்க மீதித் தேக்கா.

"கடவுள் இல்லைன்னுதான் இப்பவும் சொல்றேன்" என்றார். முன்னால் கைதட்டல், பின்னால் ஒரு முகம் வாடியது. "ஆனா அன்னிக்கு நான் கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இருக்கிற மாதிரி நடிக்க மாட்டேன்."

கைதட்டல் பாதியில் செத்தது. பதவி மாணிக்கத்துக்குப் போனது.

வீட்டில் சிவகாமசுந்தரி தீர்ப்பு சொன்னாளாம்: பதில் தெரியாதவர் வாசலிலாவது வந்து நிற்கட்டும். அன்றிலிருந்து வெள்ளிதோறும் சிராங்கூன் ரோடு கோயில் வாசலில் அவளுடைய செருப்புக்கு அவர்தான் காவல். உள்ளேயும் போவதில்லை, வீட்டுக்கும் போவதில்லை. பழைய தோழர்கள் இப்போது எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.

மளிகைக்கடை நாகூர் கனிக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன கிராணி, மிச்சத்த உரியவங்ககிட்ட குடுத்தாச்சா?"

"ஆள் அகப்படல பாய். இன்னும் கையிலதான் இருக்கு லா."

கையில் இருந்தது செருப்பு. அதைப் போட்டுவிட்டு நகரவும் முடியாது. அந்த வாசலில் செருப்புத் திருட்டு ஜாஸ்தி.