ராஜமேரி சொன்ன பேர்

கிட்ட நகர்ந்து உக்காருங்க கண்ணுங்களா. ஒரு பாட்டு தொண்டைக்குள்ளேயே சிக்கித் தவிச்ச கதையைச் சொல்றேன்.

எண்பதுகளில் கடத்தூர்ப் பக்கம் கஸ்பார்னு ஒருத்தர் இருந்தார். கல்லு உடைக்கிற பெண்களுக்குக் குடிக்கத் தண்ணி கேட்டுச் சங்கம் கட்டினவர். ஒருநாள் அரூர் பஸ்ஸிலிருந்து அவரைப் போலீஸ் இறக்கிக் கூட்டிப் போச்சு. மறுநாள் பிணமாத்தான் தந்தாங்க. தானே தூக்கு மாட்டிக்கிட்டார்னு சொன்னாங்க. உடம்பெல்லாம் இருந்த காயத்தைப் பத்தி மூச்சு விடலை.

அவர் செத்து ஒரு மாசம் ஆனதுக்கு மாதா கோயில்ல வச்ச பூசை முடிஞ்சதும், சந்தைமேட்டில் அவருக்காகக் கூட்டம். கூட்டாளி நஞ்சப்பன் கட்டின பாட்டைப் பாடணும். அடிக்கு அடி ஒரு கேள்வி, பதிலுக்குக் கஸ்பார் பேர். ஆனா காலையிலேயே நஞ்சப்பனையும் பிடிச்சுட்டாங்க. மீதி இருந்தவங்கள்ல பாட்டு தெரிஞ்சவள் கஸ்பார் பெண்சாதி ராஜமேரி ஒருத்திதான். அவள் வூட்டில் உக்காந்துதானே அவன் அதைக் கட்டினான்!

அவளோ கல்யாணம் ஆனதிலிருந்து புருசன் பேரைச் சொன்னதே இல்லை. சொன்னா அவர் ஆயுசு குறையும்னு மாமியார் இன்னாசியம்மாள் சொல்லி வச்சிருந்தாள்.

கூட்டத்து ஓரமா போலீஸ் ஜீப் உறுமிக்கிட்டே நின்னுது. சனம் கால் மாத்தி நின்னுது, ஒவ்வொருத்தராக நழுவ ஆரம்பிச்சுது. இவங்க கலைஞ்சா, தூக்குன்னு சொன்ன பொய்தான் நிலைக்கும். ராஜமேரி எழுந்தாள்.

"கல்லுக்காட்டில் தண்ணி கேட்டது யாரு?" பாடிட்டாள். அடுத்து அந்தப் பேரைச் சொல்லணும். "எங்க... எங்கூட்டுக்காரரு."

ஜீப்பில் இருந்த போலீஸ்காரன் சிரிச்சான். "ஊருக்குள்ள ஆயிரம் ஊட்டுக்காரன் இருக்கான்மா! எவன்?"

சிலர் தலை குனிஞ்சாங்க. இன்னாசியம்மாள் சனத்தை விலக்கிக்கிட்டு வந்து மருமகள் தோளைப் பிடிச்சாள்.

"சொல்லு ஆத்தா."

"அத்தே, நீங்கதானே..."

"நான்தான் சொன்னேன். இனி எந்த ஆயுசு குறையப் போவுது? எம் மவன் பேரச் சொல்லு!"

ராஜமேரி திரும்பவும் கேள்வியைப் பாடினாள். "கஸ்பாரு..." காத்துல கரையற மாதிரி ஒரு குரல். மறுபடி, தொண்டை கிழிய: "கஸ்பாரு!"

நழுவினவங்க நின்னாங்க. கல்லு உடைக்கிற மாதம்மாள் முதலில் வாங்கிப் பாடினாள். அப்புறம் சந்தைமேடே பாடுச்சு. லத்தியோட போலீஸ் இறங்கி வந்துச்சு. அடி விழுந்தது, அந்தப் பேரும் அடிக்கு நடுவுல விழுந்துக்கிட்டே இருந்தது.

போய்ட்டு வாங்க கண்ணுங்களா. உங்க வூட்டுல யார் பேரைக் கூப்பிட்டாலும், "இதோ வர்றேன்"னு உள்ளேயிருந்து குரல் வரட்டும்.