ஊர் ஈன்ற மகள்

பேனரைப் பார்த்ததும் நீச்சல்காரிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. நீச்சல் குளத்து வாசலில் ஆளுயரத்துக்கு அவள் படம், கையில் கோப்பையோடு. கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் ஊர் ஈன்ற தங்க மகளே, வருக!'

"ஊரா பெத்துச்சு? இடுப்பு வலி எடுத்தது எங்கம்மாவுக்கு. ஊருக்கு எங்க வலிச்சுதாம்?" என்று பக்கத்தில் நின்ற தையல்கார அக்காவிடம் சீறினாள்.

"படிக்க அழகா இருக்கட்டும்னு போட்டிருப்பாங்க. விடுடி."

எப்படி விடுவது? இந்தக் குளத்தைத்தான் அம்மா ஆயுசு முழுக்கக் கழுவினாள். பாசி பிடித்த ஓடுகளைத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்து போனது. குளத்தை நடத்தும் நீச்சல் சங்கத்தின் தலைவர் ஒருநாளாவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா? 'ஏய் விளக்குமாறு' என்பார். மகளும் நீந்தட்டுமா என்று அம்மா கேட்டபோது, "விளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சமா?" என்று சிரித்த மகராசன் அவர். அம்மா விடவில்லை. அவர் சலித்துப்போய்ச் சரி என்னும் வரை தினமும் போய்க் கேட்டாள். போன மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டாள். கோப்பையைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"மேடையில அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை வரலைன்னா, கோப்பையை அங்கயே வெச்சுட்டு பஸ் ஏறிடுவேன். இது என் ஊரே இல்ல."

அக்காவின் முகம் தொங்கிப்போனது. மிச்சத் துணியை ஒட்டுப்போட்டு இவளுக்கு முதல் நீச்சலுடை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். "அவரைத் திட்டு, நானும் சேந்து திட்டுறேன். எங்களையும் ஏன்டி தலைமுழுகுற?"

இவள் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். கோபம் இறங்கவில்லை.

மேடையில் தலைவர் தம் பிரதாபத்தை அளந்துகொண்டே போனார். சங்கம்தான் அவளைக் கண்டெடுத்ததாம், சங்கம்தான் சோறூட்டி வளர்த்ததாம். அம்மா எங்கேயும் வரவில்லை. இவள் எழுந்து போய் அவர் காதருகே பல்லைக் கடித்தாள். "எங்கம்மாவைப் பத்தி?"

அவர் மைக்கைக் கையால் பொத்தினார். "சொல்லிட்டாப் போச்சு. ஆமா, அவங்க பேரு என்னம்மா?"

இவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"எங்கம்மா பேரு இவருக்குத் தெரியாதாம்! இத்தனை வருஷம் இவர் குளத்தைக் கழுவினவ பேரு! உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. ஒருத்தரும் வாய் திறக்காவிட்டால் இந்த ஊரோடு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலில் தையல்கார அக்கா கத்தினாள். அடுத்து, கடைசி பஸ்ஸை அம்மாவுக்காக நிறுத்தி வைத்த டிரைவர். அப்புறம் காய்கறிக்கடைப் பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பின்வரிசையில் நின்ற முகம் தெரியாதவர்கள் எல்லாரும். சிலர் முழுப் பெயரைச் சொன்னார்கள், சிலர் செல்லப் பெயரை. தலைவர் கைதட்டுவதா வேண்டாமா என்று திருதிருவென முழித்தார்.

இவளுக்குக் கண்ணீர் பொங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் மைக்கில். "இவர் காதுல விழல."