தீனிக்குக் கூப்பிட்ட குரல்

என் கூடப் பிறந்த நானா ஷேக் அலாவுதீன் மௌத்தாகி அடக்கமான பிறகும் எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்தால் போதும், "நூரு, வாம்மா, வா, சாப்பிட வா" என்று கூப்பிடும். அவர் மனைவி, என் மச்சி நூர்ஜான், போனில் பத்திரப்படுத்தி வைத்திருந்த குரல் பதிவு அது. அதைப் போட்டு, "தோ வரேங்க" என்று பதிலும் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான். அந்த நேரத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். படத்தைப் பார்த்தால் அழுகை வருகிறது, குரலைக் கேட்டால்தான் பசிக்கிறது என்று அவள் ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் என்ன பேச?

நானாவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி மாட்டுப் பண்ணை. முன்பெல்லாம் தரகர்கள் வந்து மாட்டைத் தடவிப் பார்த்து, எலும்பாக இருக்கிறது, கிழடு தட்டிவிட்டது என்று ஆயிரம் குறை சொல்லி அடிமாட்டு விலைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். வெறுத்துப்போய்த்தான் வீடுகளுக்கே நேராக விற்க ஆரம்பித்தார். அடுத்து அறுக்கப் போகிற மாட்டை வீடியோ எடுத்து வாட்சாப் குழுவில் போடுவார். அது உயிரோடு மேய்ந்துகொண்டிருக்கும்போதே ஜார்ஜ் டவுன் குடும்பங்கள் தங்கள் பங்கைச் சொல்லிவைக்கும். அறுப்புக்கூடத்திலிருந்து இறைச்சி வந்ததும் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொழுப்பு கூடாது, எலும்பு கூடாது என்று கறாராகச் சொல்பவர்கள்தான், கிளம்பும்போது சூப்புக்கு நாலு எலும்பு சும்மா போடக் கூடாதா என்று கேட்பார்கள்.

எல்லா வீடியோவிலும் நானாவின் குரல் இருக்கும். "வாம்மா, வா, சாப்பிட வா." செம்பனை நிழலிலிருந்து மாடு தலையை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். மனைவிக்கும் மாட்டுக்கும் ஒரே அழைப்பு, கூடப் பிறந்த எனக்கு மட்டும் 'அடியே'. இதைச் சொல்லி நான் கேலி செய்தால் சிரிப்பாரே தவிர மாற்றிக்கொள்ள மாட்டார். எங்களிடம் வாங்குகிறவர்களுக்கும் அந்தக் குரல்தான் பிடித்தது. இப்படிக் கூப்பிட்டு வளர்த்த மாடு என்றால் கறியும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

ஒரு விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஒரு மாட்டின் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது, அதன் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது என்பதெல்லாம் மார்க்கம் சொன்னது. அதற்கு மேல் அவராகச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. தீனிக்குக் கூப்பிட்ட வாயால் லாரிக்குக் கூப்பிட மாட்டார். அறுப்புக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் லாரி வருகிற நாளில் பண்ணைப் பக்கமே தலைகாட்ட மாட்டார். லாரிக்காரன் ஸுல்கிஃப்லிதான் கயிற்றோடு போய், மேய்கிற இடத்திலேயே மாட்டைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போவான்.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், தவிட்டு வாளியைக் கையில் பிடித்தபடி பண்ணையில் விழுந்தார் நானா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மச்சி இத்தா இருக்க உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் அந்த நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வீட்டு வாசலைத் தாண்ட மாட்டாள். தரகர்கள் துக்கம் விசாரிக்கிற சாக்கில் வந்து, பண்ணையை என்ன செய்வதாக உத்தேசம் என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள். பெருநாளுக்குப் பங்கு சொன்ன குடும்பங்கள் காத்திருந்தன. அந்த ஒரு பெருநாள் தவறினால் போதும், ஆட்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், பண்ணை தரகர் கைக்குப் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆனால் மாடுகள் சிக்கவில்லை. நானா போன பிறகு அவை ஆள் நிழலைக் கண்டாலே செம்பனைக்குள் ஓடின. நான் தவிடு வைத்தும், ஸுல்கிஃப்லி கயிற்றோடு நாளெல்லாம் அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதைக் கேட்ட மச்சி, பழைய வீடியோ ஒன்றை அவன் போனுக்கு அனுப்பி, சத்தமாகப் போடச் சொன்னாள்.

"மச்சி, நானா என்ன சொன்னாருன்னு மறந்துபோச்சா?"

"அவரு வாயா கூப்பிடுது? போனுதானே கூப்பிடுது" என்றாள் நூர்ஜான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் நான் பண்ணையில் இருந்தேன். ஸுல்கிஃப்லி போனை லாரியின் ஸ்பீக்கரோடு இணைத்தான். "வாம்மா, வா, சாப்பிட வா." முதலில் செம்பனை ஓலைகள் அசைந்தன. பிறகு மொத்த மந்தையும் ஓடிவந்தது. முன்னால் வந்த செவலை மாடு லாரியைச் சுற்றிவந்து, முன்பக்கம் போய், கதவருகே மோந்து பார்த்தது. அது யாரைத் தேடுகிறது என்று எனக்குப் புரிந்தது. அல்லாஹ் மேல் ஆணையாக, நானும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் கயிறு விழுந்துவிட்டது.

பெருநாளுக்கு எல்லார் வீட்டுக்கும் கறி போய்ச் சேர்ந்தது. வாசலில் கைநீட்டி வாங்கியவர்கள், இந்தத் தடவை கறி பஞ்சாக வெந்தது, உங்கள் நானா கைராசி என்று கண் கலங்கினார்கள். நான் அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். பெருநாளுக்குப் பிறகும் பங்கு கேட்டு ஆள் வந்தது. ஒவ்வொரு முறையும் லாரி போனது, குரல் கூப்பிட்டது, ஒன்று ஏறியது. பிறகு ஒருநாள் ஸுல்கிஃப்லி, "அக்கா, இப்பல்லாம் குரலு கேட்டா நின்னு யோசிக்குதுங்க லா" என்றான். நான் அதை மச்சியிடம் சொல்லவில்லை. குரலைக் கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

இத்தா முடிந்த மறுநாளே மச்சி பண்ணைக்குப் போக வேண்டும் என்றாள். கடல்மேல் போகும் இரண்டாவது பாலத்தில் கார் ஓட்டிப் போனேன். தவிட்டு வாளியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இத்தாவில் இருந்தபோது பிறந்த ஒரு கன்று அங்கே இருந்தது. நானா பார்க்காத கன்று. அது அவர் குரலுக்கு ஓடிவருவதைப் பார்க்க வேண்டும், இன்று லாரி இல்லை, தீனிக்குத்தானே கூப்பிடப் போகிறோம் என்றாள். ஸுல்கிஃப்லி சொன்னதை அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

மந்தை வேலியோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கன்று தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. மச்சி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனை உயர்த்திப் பிடித்தாள்.

"வாம்மா, வா, சாப்பிட வா."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஒன்றும் வரவில்லை. தாய்மாடு பின்வாங்கியது. கன்று மடியை விட்டு, தாயை உரசிக்கொண்டு, எங்களைப் பார்த்தபடியே பின்னால் போய் வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் தோல் நடுங்கியது. நானாவை ஒருதரம்கூடப் பார்த்திராத ஜீவன். அவரைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் குரல் கேட்டால் கூட்டத்தில் ஒன்று போய்விடும் என்பதுதான். மச்சி மறுபடி போட்டாள். மந்தை முழுவதும் திரும்பி, செம்பனைக்குள் மறைந்தது.

திரும்பி வரும்போது அவள் வாளியை இறக்கி வைக்கவே இல்லை. தவிடு சிந்தாமல் மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து நான் சோறு போட்டு வைத்தேன். அவள் வழக்கம்போலப் போனை எடுத்து மேசையில் வைத்து, பதிவைத் தொட்டாள்.

"நூரு, வாம்மா, வா, சாப்பிட வா."

நாற்காலி பக்கம் வந்தவள் நின்றுவிட்டாள். பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனாள். இறைச்சி வைக்கிற பெரிய குளிர்பெட்டியில் முதுகு இடித்ததும்தான் நின்றாள்.

"காமாரியா, அத நிறுத்து" என்றாள். "அவரு என்னை எங்க கூப்பிடுறாருன்னு தெரியல."

நான் நிறுத்தினேன். அன்றைக்கு இருவருமே சாப்பிடவில்லை.