பெரிய சக்கரம் மேலே

"அது இல்ல. அதுக்குப் பக்கத்துல இருக்கறது. அய்யோ, அதுவும் இல்ல. சிக்வார்ட், கண்ணாடி போட்டிருக்கியா இல்லியா?"

குரல் கைபேசியிலிருந்து வந்தது. கைபேசி, ஷெட்டின் வேலை மேசைமேல் கிரீஸ் டப்பாவில் சாய்ந்து நின்றது. சிக்வார்ட் பனிவண்டியின் வலப்பக்க வயிற்றுக்குள் தோள்வரை போயிருந்தான். வெளியே மிச்சம் தெரிந்த உடம்பும் கொஞ்சநஞ்சமில்லை. அறுபத்தாறு வயது. எண்ணெயில் ஊறும் இரும்புச் செயினைப் பெட்டியோடு கழற்றி எறிந்துவிட்டு, அலுமினியச் சக்கரம் இரண்டும் ஒரு ரப்பர் பெல்ட்டும் மாட்டுகிற வேலை. வண்டி நான்கு கிலோ இளைக்கும். நான்கு கிலோ குறைய இவன் ஏலக்காய் ரொட்டியை விட்டால் போதாதா என்று கிரான்ட்ரேஸ்க் ஊரே கேட்டுச் சிரித்தது.

வரும் சனிக்கிழமை பனிவண்டிகளின் வருடாந்திர மலையேற்றப் பந்தயம். அங்கே மட்டும் அவன் வண்டியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. கிளப் அலமாரியில் இருபத்து மூன்று கோப்பைகள், எல்லாவற்றிலும் அவன் பெயர். ஓட்டுவது ஒரு பங்குதான், வண்டியைத் தயார் செய்கிற அந்தக் கை இருக்கிறதே என்பார்கள். சிக்வார்ட் மறுக்க மாட்டான். யாராவது வண்டி சரியில்லை என்றால், அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பான். ஊர் மூச்சுவிடாமல் நிற்கும்.

அந்தக் கை அவனுடையது இல்லை, அவன் மனைவி மாய்லிஸுடையது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். "தெரிஞ்சா ஊர் வண்டியெல்லாம் நம்ம வாசல்ல வரிசை கட்டும். எனக்குக் காலைல ஸ்கூல் பஸ் ஓட்டணும்" என்று கல்யாணமான புதிதிலேயே அவள் முடித்துவிட்டாள். அவளுக்குத் தொல்லை இல்லை, இவனுக்குப் புகழ். முப்பத்தைந்து வருடம் இரண்டு பேரும் அதில் ஒரு குறையும் காணவில்லை.

இப்போது அவள் வீட்டு முன்னறையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டது. நர்ஸ் காலையில் வந்து போனாள். அங்கிருந்து ஷெட் முப்பது தப்படி தூரம்.

"ரெண்டு சக்கரத்தையும் பெட்டியிலேருந்து எடு. எடுத்தியா?"

"எடுத்துட்டேன். ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"கண்டுபிடிச்சிட்டியே, சாமி. இப்ப நல்லாக் கேளு, இதுதான் முக்கியம்..."

வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம். கைபேசி சட்டென்று ஊமையானது.

ஹில்டிங். இரண்டு வீடு தள்ளி இருப்பவன். அவன் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் மூன்று ஊருக்குத் தெரிந்துவிடும். இந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிற நமக்கு அதைப் பேச என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

"என்னப்பா, ஆபரேஷனா? மாய்லிஸ் எப்படி இருக்கா?"

"தூங்கறா."

"நல்லது, நல்லது." ஹில்டிங் ஃபிளாஸ்க்கிலிருந்து தானே காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். ஏரியின் பனி இளகுவது, தங்கச்சி மாப்பிள்ளையின் வேட்டை நாய், நகராட்சி சாலைப் பனியைச் சுரண்டிய லட்சணம் என்று பேச்சு ஓடியது. சிக்வார்ட் ஒரே நட்டை இடம் திருப்பினான், வலம் திருப்பினான், மறுபடி இடம் திருப்பினான்.

"என்ன கைடா அது!" என்றான் ஹில்டிங். "பார்க்காமலே பண்ற."

முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து போனான். சிக்வார்ட் கதவைச் சாத்தினான்.

"போயிட்டான். சொல்லு."

பதில் இல்லை.

"மாய்லிஸ், நிஜமாவே போயிட்டான். எட்டிப் பார்த்துட்டேன்." அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கைபேசியில் அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். பதின்மூன்று.

கையைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். பிறகு முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போனான்.

கைபேசி தலையணையோரம் இருந்தது. இருமல் கேட்டுவிடக் கூடாதென்று அவள் அதன் வாயை உள்ளங்கையால் மூடியிருந்தாள். கை அப்படியே இருந்தது.

சிக்வார்ட் பக்கத்தில் உட்கார்ந்தான். அழைப்பைத் துண்டிக்க அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று.

அந்த ஊர் வழக்கப்படி மூன்று வாரம் கழித்து அடக்கம். பந்தயம் அவன் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது. கல்லறையிலிருந்து எல்லோரும் சர்ச் கூடத்துக்கு வந்து காபியும் இறால் வைத்த ரொட்டிக் கேக்கும் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து மாய்லிஸைப் பற்றிப் பேசினார்கள். முப்பத்தைந்து வருடத்தில் ஸ்கூல் பஸ் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. அவளுடைய பாதாம் கேக் மாதிரி இனி யார் செய்வார்கள்? பாதாம் கேக் மூன்று பேர் வாயில் வந்துவிட்டது. சிக்வார்ட் தட்டைப் பார்த்தபடி இருந்தான். நான்காவது முறை வந்தபோது கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"கிளப்ல இருக்கற கோப்பைங்க என்னோடது இல்ல. வண்டி வேலை பூராவும் அவ செஞ்சது. நான் மேல உக்காந்து போனேன், அவ்வளவுதான்."

பாதிரியாரம்மா அவன் முழங்கையைத் தொட்டார். "அவங்க உங்களுக்கு எவ்வளவு பெரிய பலம்னு எங்களுக்குத் தெரியும், சிக்வார்ட்."

"பொண்டாட்டி இல்லாம நாம யாருப்பா?" என்று ஹில்டிங் மூக்கைச் சிந்தினான். "என் வீட்டுலகூட அவதான் டார்ச் பிடிப்பா."

டார்ச்! சிக்வார்ட்டின் கழுத்து சிவந்தது. "ஹில்டிங், எந்திரி. போர்யே, நீயும் வா. கிளப்ல வண்டி தொட்டவன் எல்லாரும் வாங்க. முன்னாடி நீ நில்லு, ஹில்டிங்."

ரோட்டைத் தாண்டினால் வீடு. கறுப்பு டை கட்டிய ஆறு பேர் ஷெட்டுக்குள் வரிசையாக நின்றார்கள். நெருங்கிய உறவு என்பதால் சிக்வார்ட் மட்டும் வெள்ளை டை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"யாரும் வாயத் திறக்கக் கூடாது."

அவன் ஏமாற்றவில்லை. சரியாக மாட்டத்தான் பார்த்தான். அவள் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தான். பெரியதை எடுத்து மேல் ஷாஃப்ட்டில் ஏற்றினான், சின்னதைக் கீழே. பெல்ட்டைப் போட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. திரும்பியபோது அவன் முகத்தில் ஒரு திருப்தி.

போர்யே தொண்டையைச் செருமினான். ஹில்டிங்கால் அதற்குமேல் முடியவில்லை.

"டேய்... பெருசு மேலயா?"

"ஏன், கூடாதா?"

"மலை எங்கடா ஏறும்? சமதரையிலயே முக்கும்!"

"அப்படியா?" சிக்வார்ட்டின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? எனக்குத் தெரியல பாருங்க!"

"துக்கத்துல கை தடுமாறுது," என்றான் போர்யே மெதுவாக.

"அப்ப கேளு. எது வேணா கேளு."

ஹில்டிங் கண்ணை இடுக்கினான். "ரெண்டாயிரத்து ஒன்பதுல ஈரப் பனி. நாங்க எல்லாம் பாதியில நின்னோம், நீ மட்டும் உச்சிக்குப் போன. கிளட்ச்ல எந்த ஸ்பிரிங் போட்டிருந்த?"

"கிளட்ச்ல ஸ்பிரிங் இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. ஹில்டிங் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணை மூடிக்கிட்டு என் வண்டிச் சத்தத்தைக் கேட்டியே?"

"மூடிக்கோன்னு அவதான் சொன்னா. பேச வேண்டியதில்ல பாரு. அன்னிக்கு ராத்திரி நீ விட்டுட்டுப் போன வண்டியில கை வச்சது அவ."

"மாய்லிஸா?" என்றான் ஹில்டிங். பெயரைப் புதிதாகக் கேட்டவன்போல இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தான். "மாய்லிஸ்!" பிறகு தலையை நிமிர்த்தினான். "அவ்வளவு தெரிஞ்சவ, எது மேல எது கீழன்னுகூடவா உனக்குச் சொல்லல?"

சிக்வார்ட் வாயைத் திறந்தான். அவள் சொல்ல வந்தபோதுதான் நீ வாசலில் பூட்ஸைத் தட்டினாய் என்று சொன்னால் ஹில்டிங் இனி ஆயுசுக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டான். மாய்லிஸ் பெயர் மூன்று ஊருக்கும் போக அந்த வாயைவிட்டால் வேறு வழியும் கிடையாது.

"மறந்திருப்பா," என்றான்.

அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவள் இலையுதிர்காலத்தில் மாட்டிவைத்த இடப்பக்கக் கிளட்ச் வேலையைப் பார்த்தார்கள். போர்யே ஒரு போல்ட்டை விரலால் தடவினான். அப்புறம் வெளியே போனார்கள். கூடத்திலிருந்த பெண்களும் பாதிரியாரம்மாவும் அதற்குள் முற்றத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

ஹில்டிங் ஆரம்பித்தே விட்டான். ஷெட் வாசலுக்குப் பேச்சு கேட்கவில்லை, கைகள் மட்டும் தெரிந்தன. இரண்டு கையாலும் பெரிதாக ஒரு வட்டம் போட்டுத் தலைக்குமேல் வைத்தான், விரலால் சின்ன வட்டம் போட்டு இடுப்பருகே வைத்தான். எல்லோரும் திரும்பி ஷெட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ கண்ணைத் துடைத்தார்கள்.

சிக்வார்ட் வெள்ளை டையை நேராக்கிக்கொண்டு, நன்றாகத் தெரியும்படி வாசலுக்கு நடுவில் வந்து நின்றான்.